பாதயாத்திரைக்குச் சப்பாத்தா, செருப்பா, வெறுங்காலா? மேஸ் (காலுறை) எது?

உப்புவெளியான் | மே 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை கதிர்காமப் பாதயாத்திரை போற எண்ணம். முழுப்பாதையும் நடக்க லீவு கிடைக்காது. திருகோணமலை கோணேசர் கோயிலடியில இருந்து வெருகல் வரைக்கும் ஒரு கூட்டத்தோட நடந்துபோட்டு வேலைக்குத் திரும்புவன். காட்டுப்பாதை திறந்த பிறகு பஸ்ஸில பொத்துவில் போய், உகந்தையில இருந்து காட்டு வழியா கதிர்காமம். நேத்திக்கடன் அம்மாவின்ர, கால் என்ர.

பிரச்சினை காலில போடுறதுதான். போன சனி ஒத்திகை மாதிரி விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு நிலாவெளி போய்த் திரும்பினன். பழைய கன்வஸ் சப்பாத்து, பள்ளிக்கூடப் பிள்ளையள் போடுற மாதிரி பருத்தி மேஸ். போகேக்க ஒண்டும் தெரியேல்ல. திரும்பி வரேக்க சாம்பல்தீவுப் பாலத்தடியில இடது குதியில சுள்ளெண்டுது. வீட்ட வந்து கழட்டினா ரெண்டு குதியிலயும் அஞ்சு ரூவாக் குத்தி அளவில கொப்புளம், சின்னவிரல் ஊறி வெளிறிப்போய்க் கிடக்கு. ஒரு நாளைக்கே இப்பிடியெண்டா, நாளுக்கு 20, 25 கிலோமீற்றர் எண்டு தொடர்ந்து நடந்தா என்ன ஆகும்?

நடந்த ஆக்கள் என்ன போட்டு நடந்தனீங்கள்?

தம்பலகாமத்தான் | மே 11, இரவு 10.05

மச்சான், எதை வாங்கினாலும் வெளிநாட்டுப் பார்சல் பூட்ஸை மட்டும் நம்பாத.

கனடா மாமா ஒரு சோடி மலையேறுற பூட்ஸ் அனுப்பினவர். தோல், கணுக்கால் மூடும், தண்ணி உள்ளுக்க போகாதாம். இவ்வளவு வடிவான சாமானைத் தம்பலகாமத்து வயல் சேத்தில போடுறதோ எண்டு பெட்டியோட அலுமாரிக்கு மேல ஆறு வருஷம் வைச்சிருந்தன். யாத்திரைக்குத்தான் முதல் முதலா எடுத்தது. மூதூர் தாண்டி ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகேக்க வலதுகால் அடி முன்னால வாயைத் திறந்துது. கொஞ்சத் தூரம் போக முழு அடியும் கழண்டு றோட்டில கிடக்கு. கையில எடுத்தா பழைய ரஸ்க் மாதிரி உதிருது. மத்தியானத்துக்குள்ள இடதும் அதே கதை. பெட்டிக்கடையில ஒரு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டு வெருகலுக்குப் போனன். வார் ரெண்டு தரம் கழண்டுது, கீழ ஊக்கு குத்தித்தான் கொண்டு போய்ச் சேர்த்தன்.

மாமாவுக்கு இண்டைக்கும் சொல்லேல்ல. "பூட்ஸ் எப்பிடி?" எண்டு கேட்டா "நல்லா இருக்கு மாமா" தான்.

கிண்ணியா_நானா | மே 12, காலை 6.50

தம்பலகாமத்தாருக்கு முதல்ல. அது போலிச் சாமானா இருக்க வேணுமெண்டு இல்ல. மேல தோலுக்கும் கீழ ரப்பருக்கும் நடுவில போடுற பொலியூரித்தேன் நுரை காத்திலுள்ள ஈரத்தை எடுத்து எடுத்து உள்ளுக்கயே முறிஞ்சு போகும். நீர்ப்பகுப்பு எண்டு கெமிஸ்ரி படிச்ச பிள்ளையள் சொல்லுவாங்க. பெட்டிக்குள்ள பொத்தி வைச்சாலும் அது நிக்காது, அதுவும் எங்கட கடல் ஊரில. ஓட்டச் சப்பாத்தில வாற ஈ.வி.ஏ. நுரை இப்பிடி உதிராது. அது அமுங்கி உயிர் போயிடும், அவ்வளவுதான். கனநாள் கிடந்த சப்பாத்தெண்டா பெருவிரலால நடு அடியை அழுத்திப் பாருங்க. வெடிப்போ தூளோ தெரிஞ்சா அதோட பயணம் போகாதீங்க.

உப்புவெளித் தம்பிக்கு. நான் டவுனில 22 வருஷம் சப்பாத்துக் கடையில நிண்டவன். இப்ப சொந்தமாச் சின்னக் கடை. எங்கட வீடு றோட்டோரம், வருஷா வருஷம் யாத்திரை போற சாமிமார் அந்த வழியாத்தான் போறது. வாப்பா காலத்தில கிண்ணியாப் பாலம் இல்ல, பாதை தான். இளசுகளுக்குச் சொல்றன், ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு தண்ணியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்க பாதை எண்டு சொன்னது. 2009இல பாலம் திறந்தது, 396 மீற்றர். அதைக் கடந்து வாறவங்களுக்குத் தண்ணியும் தேசிக்காய்க் கரைசலும் குடுக்கிறது எங்கட வீட்டு வழக்கம். எனக்குத் தொழில் பழக்கம், முகத்தைப் பாக்கமாட்டன், காலைத்தான் பாப்பன். பாலத்துக்கு இங்கால வரேக்கயே நொண்டுறவங்க முக்காவாசிப் பேர் புத்தம்புதுச் சப்பாத்துக்காரர். முந்தின நாள் வாங்கி அடுத்த நாள் நடக்கத் தொடங்கினவங்க.

சப்பாத்து வாங்க விடிய வராதீங்க. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்க, நடந்து திரிஞ்ச கால் வீங்கியிருக்கும். யாத்திரையில போடப்போற மேஸையும் கொண்டு வாங்க. கடையில குடுக்கிற மெல்லிய மேஸ் போட்டுப் பாத்தா அது வேற கால். உள்ளுக்க இருக்கிற மெத்தையை வெளியில எடுத்து நிலத்தில வைச்சு அதில ஏறி நில்லுங்க. பெருவிரலுக்கு முன்னால ஒரு கைப்பெருவிரல் அகலம் மிச்சம் இருக்கவேணும். பக்கத்தால சதை வெளியில வழிஞ்சா அது உங்கட சப்பாத்து இல்ல, எவ்வளவு மலிவெண்டாலும். இங்க நாங்க செருப்போட வளர்ந்த ஆக்கள், முன்பாதம் அகலம். வெளிநாட்டு அச்சில செய்த சப்பாத்து கன பேருக்கு நீளம் சரியா இருந்தும் சின்னவிரலை நெரிக்கும். அதுக்காக ரெண்டு சைஸ் கூட்டி வாங்குவாங்க, குதி பின்னால ஏறி இறங்கும், கொப்புளம் அங்க வரும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் 8.5 மில்லிமீற்றர் தான் வித்தியாசம். வழமையில போடுறதை விட ஒண்டு கூட எடுங்க, அகலமான அச்சில எடுங்க.

கையில பிடிச்சு வளைச்சுப் பாருங்க. விரல் மடியிற இடத்தில மடியவேணும். நடுவில மடிஞ்சா திரும்பக் குடுங்க.

வெருகல்_பாதை | மே 12, மாலை 4.15

தம்பி, நான் இதுவரை 14 தடவை நடந்திருக்கிறேன். அதில் 12 தடவை வெறுங்கால். வேலவனிடம் போகிற வழியில் காலுக்கு மெத்தை தேடுவது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் அது என் நேர்த்தி. மற்றவர் காலை நான் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். வெறுங்கால் நடை ஒரு மாதத்தில் வராது. நான் வயலுக்கும் கடற்கரைக்கும் கோயிலுக்கும் சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் போனவன். கால் தோல் தடித்துப்போய் நிலத்தோடு பேசும். நீங்கள் அலுவலகத்தில் காலுறைக்குள் காலை வைத்திருந்துவிட்டு, யாத்திரையன்று மட்டும் கழற்றிவிட்டு இறங்கினால் மூதூர் வரை போகமாட்டீர்கள். தார் வீதி காலை பத்து மணிக்கு மேல் கொதிக்கும். நாங்கள் மூன்று மணிக்கு எழும்பி நடந்து, வெயில் ஏறமுன் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்துவிடுவோம். பின் வெயில் சாய்ந்த பிறகுதான். கச்சான் காற்று வீசுகிற நாளில் வீதியோர மணல்கூடச் சுடும்.

இரவுப்பணி | மே 13, அதிகாலை 2.20

ஐயா சொன்னது சரி. கால் தடிச்சா உணர்ச்சி போயிடும் எண்டு கன பேர் நினைக்கிறாங்க. அப்பிடியில்ல. கென்யாவில வெறுங்கால் நடக்கிற ஆக்களையும் சப்பாத்துப் போடுறவங்களையும் ஒப்பிட்டு 2019இல நேச்சர் சஞ்சிகையில ஒரு ஆய்வு வந்தது. தடிச்ச தோல் காலைக் காப்பாத்தும், ஆனா தொடு உணர்வைக் குறைக்கிறதில்ல எண்டுதான் கண்டவங்க. ஐயாவின்ர "நிலத்தோடு பேசும்" கிட்டத்தட்ட அதேதான்.

நான் தாதி. யாத்திரைக் காலத்தில வாற கால்களைப் பாத்திருக்கிறன், அதால கொப்புளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுறன். இண்டைக்கு வார்ட் அமைதி.

கொப்புளம் எண்டா தோல் தேயிறது எண்டு நினைக்கிறம். தேய்ச்சல் வேற, இது வேற. ஒவ்வொரு அடியிலயும் உள்ளுக்க எலும்பு முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். வெளித்தோல் மேஸோட ஒட்டிக்கொண்டு நிக்கும். நடுவில இருக்கிற தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில பிரிஞ்சுபோகும். பிரிஞ்ச இடத்தில தண்ணி நிரம்பும். ஈரமான தோல் மேஸோட இன்னும் கூட ஒட்டும், அதால இழுவையும் கூட. உலர்ந்த தோலிலயும், தண்ணிக்குள்ளயே நிக்கிற தோலிலயும் உராய்வு குறைவு. வியர்த்துப் பிசுபிசுக்கிற அந்த இடைநிலைதான் ஆகக் கூடாதது. உங்கட பருத்தி மேஸ் செய்தது அதைத்தான். பருத்தி வியர்வையைக் குடிக்கும், விடாது.

அப்ப மேஸ் எண்டா லேபலைப் பாத்து வாங்குங்க. பொலியெஸ்டர் அல்லது நைலோன் கூட இருக்கவேணும். இங்க சுகமாக் கிடைக்கிறது விளையாட்டுக் கடையில விக்கிற ஓட்ட மேஸ். வெளிநாட்டில இருந்து ஆரும் வருகினமெண்டால் மெரினோ கம்பளி மேஸ் மெல்லிசாக் கேளுங்க. கம்பளி எண்டு பயப்பிடத் தேவையில்ல, அது மெல்லிய நூல், ரெண்டு நாள் போட்டாலும் மணக்காது. காயிறதில பொலியெஸ்டர்தான் கெதி.

குதியோ விரலோ "சூடா இருக்கு" எண்டு தோணுற அந்த நிமிஷம் நில்லுங்க. பக்கத்தில நடக்கிறவர் என்ன நினைப்பார் எண்டு பாக்காதீங்க. கழட்டி, துடைச்சு, பிளாஸ்டர் ஒட்டுங்க. பாமசியில மெல்லிய கடதாசிப் பிளாஸ்டர் இருக்கு, காயத்துக்குப் பஞ்சு வைச்சு ஒட்டுறது, மலிவு. 250 கிலோமீற்றர் பாலைவன ஓட்டக்காரர் 128 பேரில செய்த ஒரு ஆய்வு 2016இல வெளிவந்தது. ஓட முதலே அந்தப் பிளாஸ்டர் ஒட்டின இடங்களில கொப்புளம் 40 வீதம் குறைஞ்சிருந்தது. வழமையா நோகிற இடம் உங்களுக்குத் தெரியும்தானே, விடியவே ஒட்டிப்போட்டு வெளிக்கிடுங்க.

ஒற்றைவரி | மே 13, காலை 8.02

நடக்கிறதுக்கு இவ்வளவு கதையா. எங்கட ஆச்சிமார் ஆய்வு படிச்சோ போனவை?

தம்பலகாமத்தான் | மே 13, காலை 8.10

உங்கட ஆச்சி ஏசி ஒபிசில வேலை செய்தவவோ?

நிலாவெளிப்பெண் | மே 13, இரவு 7.30

தாதி அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். எங்கட அம்மாவுக்கு 58 வயசு, சீனி வருத்தம் 11 வருஷமா. அவவும் உகந்தையில இருந்து நடக்கப்போறா. வெறுங்கால்தான் எண்டு நிக்கிறா. கால் கொஞ்சம் விறைச்ச மாதிரி இருக்கும், ஆனா "நடந்தாச் சரியாயிடும்" எண்டு சொல்றா. எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்துறது?

இரவுப்பணி | மே 13, இரவு 10.45

தங்கச்சி, வெறுங்கால் வேண்டாம். இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

அந்த விறைப்புத்தான் பயம். சீனியால நரம்பு பாதிச்ச காலில முள் ஏறினாலும் நோகாது. சூட்டு மணலில தோல் வெந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவெண்டா காயம் ஆறாது. பின்னேரம் காலைப் பாக்கேக்கதான் ஓட்டை தெரியும். முதல்ல கிளினிக்கில காட்டி, நடக்கலாமோ எண்டு கேளுங்க. அவையள் நூல் மாதிரி ஒண்டால பாதத்தில தொட்டு உணர்ச்சி பாப்பினம், அஞ்சு நிமிஷ வேலை. போகலாம் எண்டு சொன்னா, முன்பக்கம் மூடின, உள்ளுக்க தையல் முண்டாத சப்பாத்து. வெள்ளை அல்லது இளநிற மேஸ் போடச் சொல்லுங்க, இரத்தமோ நீரோ கசிஞ்சா உடன தெரியும். ஒவ்வொரு தரமும் போட முதல் கையை உள்ளுக்க விட்டுத் தடவிப் பாக்கவேணும், ஒரு சின்னக் கல் போதும். கொப்புளம் வந்தா தானா ஊசி குத்தக்கூடாது.

மற்ற ஆக்களுக்கு: கொப்புளம் நோகாட்டி விடுங்க. நடக்க விடாம முட்டிக்கொண்டு நிண்டா, ஊசியைச் சுத்தம் செய்து ஓரத்தில குத்தி நீரை மட்டும் எடுங்க, மேல்தோலை உரிக்காதீங்க. அதுதான் இயற்கைப் பிளாஸ்டர். கீழ புதுத்தோல் ரெண்டு நாளில கட்டத் தொடங்கும், அஞ்சு நாளளவில வெளித்தோல் வந்திடும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்ப போட்டது எண்டும் பாத்து வையுங்க. வயல் வழியா நடக்கேக்க கால் வெடிப்போட சேத்துத் தண்ணியில இறங்கினா எலிக்காய்ச்சலுக்கும் வழி.

வெருகல்_பாதை | மே 14, காலை 5.30

பிள்ளை, அம்மாவிடம் சொல்லுங்கள், 14 முறை போன கிழவன் ஒருவன் சொன்னான் என்று: செருப்போடு போனால் முருகன் கோபிக்கமாட்டார். எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா அப்படி வெறுங்காலில் வந்து, காட்டுக்குள் வியாழை என்ற இடத்தில் இருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

ஹற்றன்_ரீச்சர் | மே 14, மாலை 6.00

ஊர் திருகோணமலை, வேலை ஹற்றனில். இங்க மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கூடாகப் போகிற பெக்கோ நடைபாதையில் சில பகுதிகள் நடந்திருக்கிறேன். மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே எதிரி இரத்தம் குடிக்கிற அட்டை. மேஸுக்கு மேலே முழங்கால் வரை வரும் இறுக்க நெசவுத் துணிப்பை ஒன்றைக் கட்டுவோம். உங்கள் பாதைக்கு அது தேவையில்லை. ஆனால் கணுக்காலைச் சுற்றி ஒரு துணிப்பட்டி தைத்துக்கொண்டால் மணல் உள்ளே போகாது.

இன்னொன்று, தண்ணீர் புகாத சப்பாத்து என்று கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள். மலையில் குளிர்மழைக்கு அது சரி. உங்கள் வெயிலில் வியர்வை வெளியேறாது. ஆறு கடக்கும்போது மேல்வாயால் தண்ணீர் போனால் உள்ளேயே நிற்கும், அடுத்த நாளும் காயாது. வலைத்துணிச் சப்பாத்துத்தான் நல்லது. பாரமும் குறைவு. காலில் கட்டிய பாரத்துக்கு, அதே பாரத்தை உடம்பில் சுமப்பதைவிட நாலு முதல் ஆறு மடங்கு சக்தி போகும் என்று 1969இலேயே அளந்திருக்கிறார்கள்.

கிண்ணியா_நானா | மே 14, இரவு 9.15

ரீச்சர் சொன்னதோட ஒண்டு. வலைத்துணி பெரிய கண்ணா இருந்தா வாகரை மணல் முழுக்க உள்ளுக்க. நெருங்கின வலை பாருங்க. வாங்கின உடன சப்பாத்துத் தைக்கிறவரிட்ட குடுத்து முன்பக்க அடியைச் சுத்தி ஒரு தையல் போடுவியுங்க. தார்ச் சூட்டில முதல்ல விடுறது பசைதான்.

உப்புவெளியான் | மே 24, இரவு 8.20

நானாவின்ர கடைக்குப் போய் வந்தன். என்ர வாழ்நாளில 8 எண்டு நினைச்ச கால் 9 அகலமாம். மெத்தையை எடுத்து நிலத்தில வைச்சு நிக்கச் சொன்னார், நான் ஏற்கெனவே வீட்டில வைச்சிருந்த 8 சப்பாத்தின்ர மெத்தையில சின்னவிரல் முழுசா வெளியில. இவ்வளவு காலமும் அந்த விரலை மடிச்சு வைச்சுத்தான் நடந்திருக்கிறன். எடுத்தது ஓட்டச் சப்பாத்து, பூட்ஸ் இல்ல.

இண்டைக்கு ஒரு சோதனை செய்தன். இடதுகாலில பருத்தி மேஸ், வலதில பொலியெஸ்டர். அதே சப்பாத்து, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்த் திரும்பி. கிணத்தடியில இருந்து ரெண்டையும் கழட்டிப் பாத்தன். இடதுகால் வெளிறி, மேஸைப் பிழிஞ்சா சொட்டுது. வலதுகால் நனைஞ்சிருக்கு, ஆனா தோல் தோலாவே இருக்கு. வீட்ட வந்து ரெண்டையும் கழுவிக் கொடியில போட்டன். தேத்தண்ணி குடிச்சு முடிய பொலியெஸ்டர் காஞ்சுது. பருத்தி இப்பவும் குதியில ஈரம்.

ஆனா வலதுகாலிலயும் ஒரு விரல் சிவந்திருக்கு. மேஸின்ர விரல் தையல் உள்ளுக்க முண்டிக்கொண்டு நிண்டது. அம்மா பாத்திட்டு "உள்பக்கம் வெளிய திருப்பிப் போடன்" எண்டா. அவ்வளவுதான். இதுக்கு ஒரு ஆய்வும் தேவைப்படேல்ல.

இப்ப கேள்வி: பவுடரா வசலினா?

தம்பலகாமத்தான் | மே 24, இரவு 8.31

வசலின். சத்தியம்.

இரவுப்பணி | மே 24, இரவு 11.50

வசலின் முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வழுக்கும். பிறகு தோலை ஊறவைச்சு உராய்வைக் கூட்டும், மணலும் ஒட்டும். பூசினா ஒவ்வொரு தங்கலிலயும் துடைச்சுத் திரும்பப் பூசவேணும். பவுடர் வியர்வையோட சேர்ந்து உருண்டையாகும். எனக்கு ரெண்டும் பிடிக்காது. மெல்லிய நைலோன் மேஸ் உள்ளுக்க, பொலியெஸ்டர் மேஸ் வெளியில எண்டு ரெண்டு போடுங்க. இழுவை தோலில விழாம ரெண்டு மேஸுக்கும் இடையில போயிடும். ரெண்டும் பருத்தியெண்டா பிரயோசனமில்ல.

தம்பலகாமத்தான் | மே 25, காலை 7.00

நான் வசலினிலதான் நிக்கிறன்.

வெருகல்_பாதை | மே 26, மாலை 5.10

நீங்கள் எல்லோரும் வீதியை மட்டும் நினைக்கிறீர்கள். உகந்தைக்குப் பிறகு வீதி இல்லை, காடு. குமுக்கன் ஆறு வரை ஒரு மாதிரி, அதற்குப் பிறகு நாவலடி, வியாழை என்று மணலும் முள்ளும். சூரை முள், ஈச்சை முள். ரப்பர் செருப்பு என்றால் முள் அடியைத் துளைத்துக்கொண்டு காலுக்குள் வரும். இழுத்தால் செருப்பு வரும், முள் நிற்கும். செருப்புப் போட்டவர்களுக்குத்தான் நான் அதிகம் முள் எடுத்திருக்கிறேன். நாங்கள் வெறுங்காலில் பார்த்து வைப்போம், அவர்கள் செருப்பை நம்பி வைப்பார்கள்.

ஆற்றங்கரையில் படுக்கும்போது சப்பாத்தை நெருப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேள் ஏறி இருக்கும்.

ஹற்றன்_ரீச்சர் | மே 26, இரவு 7.45

ஐயா சொன்ன முள்ளுக்காக: சப்பாத்தின் கீழ் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். நுரை மட்டும் என்றால் பள்ளம் விழும். கெட்டியான ரப்பர் தட்டு இருக்க வேண்டும். கால் நகத்தை நாலைந்து நாளுக்கு முன் நேராக வெட்டிவிடுங்கள், வெளிக்கிடும் அன்று வெட்டாதீர்கள்.

உப்புவெளியான் | ஜூலை 21, இரவு 9.05

எல்லாருக்கும் அரோகரா. போய் வந்தாச்சு. கேட்டுப்போட்டு ஓடினவன் எண்டு நினைக்கக்கூடாதெண்டு எழுதுறன்.

முதல் பாகம், வெருகல் வரை. முதல் நாளே பிழைவிட்டன். கிண்ணியாப் பாலத்தில ஏறேக்க வலது குதி சூடாத் தொடங்கிச்சு. அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனா கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போகுது, நான் மட்டும் பாலத்தில குந்தி இருந்து மேஸ் கழட்டுறதோ எண்டு வெக்கம். 396 மீற்றரும் நடந்து, நானா வீட்டுக்கு முன்னால தண்ணி குடிக்க நிக்கேக்க அவர் முகத்தைப் பாக்கேல்ல, காலைப் பாத்தார். "கழட்டுங்க தம்பி" எண்டார். குதியில சின்னக் கொப்புளம் தொடங்கியிருந்தது. மேஸுக்குள்ள மணல் ஒரு கரண்டி இருக்கும். உதறி, துடைச்சு, பிளாஸ்டர் ஒட்டினன். அது வெருகல் வரைக்கும் பெருக்கேல்ல. நானா சப்பாத்து நூலையும் வேற மாதிரிக் கட்டிவிட்டார், ஆக மேல இருக்கிற ஓட்டையில ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நூலை அதுக்குள்ளால எடுத்து இறுக்கிறது. அதுக்குப் பிறகு குதி அசையேல்ல.

மேஸ் மூண்டு சோடி கொண்டு போனன். ஒண்டு காலில, ஒண்டு பையில ஊக்கால குத்திக் காயும், ஒண்டு படுக்கேக்க போட மட்டும். மத்தியானத் தங்கலில மாத்துறது. இந்த மாத்துற பழக்கம்தான் என்னைக் காப்பாத்தினது எண்டு நினைக்கிறன், சப்பாத்தை விட. கோயில்களில கழட்டிப் போடுறதுதான் தொல்லை. நூல் அவிழ்க்க, கட்ட, அவிழ்க்க, கட்ட. செருப்புக்காரர் எனக்கு முன்னால திருநீறு பூசி, சோறும் சாப்பிட்டு முடிச்சிருப்பினம்.

ரெண்டாம் பாகம், காடு. உகந்தையில வெருகல்_பாதை ஐயாவைச் சந்திச்சன். வெறுங்காலோட, ஒரு துணிப்பொட்டலம், அதுக்குள்ள முள் எடுக்கிற ஊசி, வேப்பெண்ணெய்ச் சின்னப் போத்தல். நான் பட்டி கட்டின சப்பாத்து, ரெண்டு அடுக்கு மேஸ். அவர் ஒருக்காப் பாத்துச் சிரிச்சார், ஒண்டும் சொல்லேல்ல.

எனக்குக் காடு முழுக்கக் கொப்புளம் வரேல்ல. ஆனா குமுக்கன் ஆத்தங்கரையில படுத்த இரவு எழும்பிக் கை கழுவப் போனன், சோம்பலில சப்பாத்துப் போடேல்ல. பத்தடி தூரம். இடது உள்ளங்காலில சூரை முள். விளக்கு வெளிச்சத்தில ஐயாதான் எடுத்துவிட்டார். காலைத் தன்ர மடியில வைச்சு, தோலைச் சுத்தி ரெண்டு விரலால அழுத்தி, ஊசி நுனியால ஒரு கிளறு. முள் தானா எழும்பி நிண்டுது. "இந்தக் கால் மெல்லிசு தம்பி, பப்பாசிப்பழம் மாதிரி" எண்டார். அவருக்குக் கதிர்காமம் வரை ஒண்டும் ஏறேல்ல.

மாணிக்க கங்கையில கால் வைச்ச நேரம் ரெண்டு பேரின்ர காலும் ஒரே தண்ணிக்குள்ள.

சப்பாத்து இன்னும் நல்லா இருக்கு, நானா சொன்ன தையல் விடேல்ல.

நிலாவெளிப்பெண் | ஜூலை 21, இரவு 9.50

அம்மாவைக் கிளினிக்கில காட்டினம் அக்கா. ரெண்டு காலிலயும் முன்பாதத்தில உணர்ச்சி இல்லையாம், காட்டுப்பாதை வேண்டாம் எண்டு சொல்லிட்டினம். மூண்டு நாள் எங்களோட கதைக்கேல்ல. கடைசியில பஸ்ஸில கதிர்காமம் கூட்டிக்கொண்டு போய், மாணிக்க கங்கைக் கரையில இருந்து கோயில் வரைக்கும் நடக்கவிட்டம். சப்பாத்தோட. கோயில் வாசலில கழட்டேக்க கையை உள்ளுக்க விட்டுத் தடவிப் பாத்தா, நான் சொல்ல முதலே.

தம்பலகாமத்தான் | ஜூலை 22, காலை 6.40

நானா, 10 அகலம் இருக்கா? மாமா கிறிஸ்மஸுக்கு வாறார். பூட்ஸைக் காட்டச் சொல்லுவார், அதுக்கு முதல் நான் ஏதாவது காலில போட்டிருக்கவேணும்.

கிண்ணியா_நானா | ஜூலை 22, காலை 7.15

இரிக்கி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, நாலு மணிக்கு மேல வாங்க. மேஸ் கொண்டு வாங்க.